ஃபிட்ஸ் மாத்திரை போட்டுட்டே குழந்தைக்கு பிளான் பண்ணது, என் அனுபவம்

எனக்கு ஸ்கூல் படிக்கறப்பவே ஃபிட்ஸ் உண்டு. ரொம்ப வருஷமா வால்ப்ரோயேட் மாத்திரைதான், அதுல நல்லா கன்ட்ரோல்ல இருந்துச்சு. கல்யாணம் ஆகி குழந்தை பத்தி பேச ஆரம்பிச்சதும் நானும் அவரும் முதல்ல பார்த்தது நியூரோ டாக்டரைத்தான், கைனக் டாக்டர் அப்புறம்தான். இதே மாத்திரை போடற பொண்ணுங்க "கன்சீவ் ஆனதும் டாக்டர்கிட்ட போய்க்கலாம்"னு இருக்கறதைப் பார்க்கறப்ப மனசு பதறுது, அதனாலதான் எழுதறேன்.

டாக்டர் எடுத்த எடுப்புலயே சொன்னது, மாத்திரையை மாத்தணும்னா இப்பவே மாத்தணும். குழந்தையோட மூளையும் தண்டுவடமும் உருவாகற குழாய், கரு உண்டாகி 28 நாள்ல மூடிடுமாம். பீரியட்ஸ் தள்ளிப்போய் டெஸ்ட்ல ரெண்டு கோடு வர்றப்பவே அதுல கிட்டத்தட்ட பாதி நாள் போயிருக்கும், அப்புறம் அப்பாயின்ட்மென்ட் வாங்கி டாக்டரைப் பார்க்கறதுக்குள்ள அந்த குழாய் மூடியே போயிருக்கும். இதயம், கை, காலுன்னு முக்கியமான எல்லாமே 8 வாரத்துக்குள்ள வடிவம் எடுத்துடுது. வால்ப்ரோயேட் போடற அம்மாங்களோட குழந்தைங்கள்ல 100க்கு சுமார் 10 பேருக்கு பிறவிக் குறை வருது, பொதுவா அது 100க்கு 2, 3 தான். அதை விட எனக்கு தூக்கம் போனது அடுத்து சொன்ன விஷயத்துல. உடம்பு நல்லா இருந்தாலும் 100க்கு 30லேருந்து 40 குழந்தைங்களுக்கு பேச்சு, படிப்பு, புரிஞ்சுக்கற திறன்ல பிரச்சனை வரலாமாம். டோஸ் கூடக் கூட ரிஸ்க்கும் கூடும்.

இதைக் கேட்டதும் மாமியார் பயந்துட்டாங்க, "கொஞ்ச நாளைக்கு மாத்திரையே வேணாம்மா, நிறுத்திடு"ன்னாங்க. பாசத்துலதான் சொன்னாங்க, ஆனா அது ரொம்ப ஆபத்து. திடீர்னு நிறுத்தினா ஃபிட்ஸ் விடாம வரலாம், பெரிய ஃபிட்ஸ் வந்தா அம்மாவுக்கும் வயித்துல இருக்கற குழந்தைக்கும் ஆக்சிஜன் குறையும், கீழ விழுந்தா வயித்துல அடி படும். அடுத்த தடவை போறப்ப அவங்களையும் கூட்டிட்டுப் போனோம், டாக்டர் வாயால கேட்டதும்தான் நிம்மதி ஆனாங்க, அதுக்கப்புறம் "மாத்திரை போட்டியா"ன்னு தினமும் ஞாபகப்படுத்தினதே அவங்கதான்.

மாத்தறது சட்டுனு முடியற வேலை இல்ல. எனக்கு லாமோட்ரிஜின் கொடுத்தாங்க, வால்ப்ரோயேட் உடம்புல இருக்கறப்ப இது ரத்தத்துல டபுளா ஏறிடுமாம், அதனால வெறும் 25 மில்லிகிராம், அதுவும் ஒரு நாள் விட்டு ஒரு நாள். வேகமா ஏத்தினா தோல்ல தடிப்பு வந்து உயிருக்கே ஆபத்தாகலாம்னு சொன்னதால தினமும் ராத்திரி அவரு டார்ச் அடிச்சு என் முதுகு, கழுத்தெல்லாம் பார்ப்பாரு, நான் கண்ணாடில வாய்க்குள்ள பார்த்துப்பேன். ஒரு தடவை கழுத்துல சிவப்பா பொரிப்பொரியா வந்துடுச்சு, ராத்திரியோட ராத்திரியா டாக்டருக்கு போட்டோ அனுப்பி, மறுநாள் காலையில நேர்லயும் காட்டி, வேர்க்குருதான்னு சொன்னப்புறம்தான் மூச்சே வந்துச்சு. புதுசு ஏற ஏற பழசை கொஞ்சம் கொஞ்சமா இறக்கினாங்க. அந்த மாசங்கள்ல நான் வண்டி ஓட்டல, பாத்ரூம் கதவுக்கு தாழ்ப்பாள் போடல. பழைய மாத்திரை முழுசா நின்னு, புதுசுல மட்டும் ஃபிட்ஸ் இல்லாம கொஞ்ச காலம் ஓடணும், அதுவரைக்கும் ட்ரை பண்ணவே கூடாதுன்னு கண்டிப்பா சொல்லிட்டாங்க. கர்ப்பத்தடை மாத்திரையிலயும் ஒரு விஷயம் இருக்கு, ஈஸ்ட்ரோஜன் இருக்கற மாத்திரை லாமோட்ரிஜின் அளவை குறைச்சிடும், அதனால நாங்க காண்டம்தான்.

அந்த காத்திருப்பு நேரத்துல மத்த வேலையெல்லாம் முடிச்சோம். ஃபோலிக் ஆசிட்ங்கற வைட்டமின் மாத்திரை பொதுவா எல்லாருக்கும் 400 மைக்ரோகிராம், கன்சீவ் ஆகறதுக்கு ஒரு மாசம் முன்னாடியாவது ஆரம்பிச்சு 12 வாரம் வரைக்கும் போடணும், எனக்கு மட்டும் 5 மில்லிகிராம். ஆனா ஃபோலிக் ஆசிட் போட்டுட்டா வால்ப்ரோயேட்டோட பாதிப்பு போயிடும்னு தயவுசெஞ்சு நினைக்காதீங்க, அப்படி இல்ல. ரத்த டெஸ்ட்ல எனக்கு ரூபெல்லாவுக்கு, அதாவது ஜெர்மன் தட்டம்மைக்கு, எதிர்ப்பு சக்தி இல்லன்னு வந்துச்சு. கர்ப்பத்தோட முதல் 12 வாரத்துல அது வந்தா குழந்தையோட கண்ணு, காது, இதயம் எல்லாத்தையும் பாதிக்கும். அதுக்கான தடுப்பூசி உயிருள்ள வைரஸ் ஊசி, கர்ப்பத்துல போட முடியாது, போட்டப்புறமும் ஒரு மாசம் தள்ளித்தான் கன்சீவ் ஆகணும், ஆக அதுவும் முன்கூட்டியே பண்ற வேலைதான். சுகர், தைராய்டு நார்மல். அவரு சிகரெட்டை விட்டாரு, பால்கனில போய் பிடிச்சா போதும்னு முதல்ல சொன்னவரு, அந்தப் புகையே குழந்தையோட எடையைக் குறைக்கும்னு கேட்டதும் மறுபேச்சு பேசல.

கன்சீவ் ஆனப்புறம் வேற கதை. கர்ப்பத்துல உடம்பு லாமோட்ரிஜினை வேகமா வெளிய தள்ளிடுது, அதனால மாசாமாசம் ரத்தத்துல அளவு பார்த்து டோஸை ஏத்திட்டே போனாங்க. "குழந்தை வயித்துல இருக்கறப்ப டோஸ் கூட்டறாங்களே"ன்னு வீட்டுல எல்லாருக்கும் கலக்கம், ஆனா ரத்தத்துல அளவு பழையபடியேதான் இருக்கும்னு ரிப்போர்ட்டைக் காட்டி புரிய வெச்சாங்க. காலையில வாந்தி இருந்ததால மாத்திரை நேரத்தையும் டாக்டர் மாத்திக் கொடுத்தாங்க.

குழந்தையோட உறுப்புல குறை ஏதும் இருக்கான்னு பார்க்கற அனாமலி ஸ்கேன் 20வது வாரத்துல. டாக்டர் ஸ்க்ரீனை என் பக்கம் திருப்பி முதுகெலும்பை மேலேருந்து கீழ வரைக்கும் மெதுவா காட்டினாங்க, வரிசையா வெள்ளை வெள்ளையா, அதுக்கு மேல தோல் விட்டுப்போகாம மூடியிருக்கறதை கர்சர் வெச்சு காட்டினாங்க. அப்புறம் மேல் உதடு, இதயத்துல நாலு அறை. எல்லாம் சரியா இருக்குன்னதும் அழுதுட்டேன். இந்த ஸ்கேன் எல்லாத்தையும் கண்டுபிடிச்சிடாதுன்னும் அவங்களே சொன்னாங்க.

ஒரு விஷயம் கண்டிப்பா முன்னாடியே கேட்டு எழுதி வாங்கிக்கோங்க, டெலிவரிக்கு அப்புறம் டோஸை எப்படி இறக்கணும்னு. பிரசவம் ஆனதும் உடம்பு பழைய நிலைக்குத் திரும்பி, ஏத்தின டோஸ் அதிகமாகிடும், தலை சுத்தும், எல்லாம் ரெண்டு ரெண்டா தெரியும். என்கிட்ட அந்த பேப்பர் இருந்ததால ஆஸ்பத்திரியிலேயே இறக்க ஆரம்பிச்சுட்டோம். தாய்ப்பால் கொடுக்கலாம்னு டாக்டர் சொன்னாங்க, கொடுத்தேன். தூக்கம் கெட்டா ஃபிட்ஸ் வரும்ங்கறதால ராத்திரி ஒரு ஃபீட் எடுத்து வெச்ச பாலை அவரு கொடுப்பாரு. டயபர் மாத்தறது தரையில பாய் போட்டுத்தான், குளிப்பாட்டறப்ப பக்கத்துல எப்பவும் ஒருத்தர் இருப்பாங்க.