ஸ்லீவா பைபாஸா? ஒரு காபியும் ஒரு கொண்டையும் இழுத்தடித்த கதை

ஒரு தம்ளர் காபியால் திருச்சி வரைக்கும் 80 கிலோமீட்டர் போய், வேலை நடக்காமல் திரும்பி வந்திருக்கிறேன். அதுவும் எங்கள் வயலில் சம்பா அறுப்பு மெஷின் இறங்க வேண்டிய நாளில். அந்த எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. அதனால் அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

எடை குறைப்பு ஆபரேஷனுக்கு (ஸ்லீவ், பைபாஸ் எல்லாம் அதில் வகைகள்) முன்னால் எண்டோஸ்கோபி, அதாவது வாய் வழியாகக் குழாய் விட்டு வயிற்றைப் பார்க்கும் சோதனைக்கு, வரச் சொல்லியிருந்தார்கள். போனில் பேசிய பெண் சொன்னது ஒரே வரி: "காலைல ஒண்ணும் சாப்பிடாம வாங்க." சாப்பிடவில்லைதான். ஆனால் பாபநாசத்தில் விடிகாலை ரயில் ஏறினால் தஞ்சாவூர் வரும்போது கை தானாகக் காபிக்கு நீளும். குடித்தேன். ஒன்பதரைக்கு டேபிளில் படுக்கப் போகிற நேரத்தில் நர்ஸ் கேட்டார்: "கடைசியா என்ன குடிச்சீங்க, எப்ப?" சொன்னேன். "பால் காபியா?" அவ்வளவுதான், எழுப்பி விட்டார்கள். எண்டோஸ்கோபி காலையில் மட்டும்தானாம். வெளியே உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரர் மெஷின்காரரிடம் போனில் கெஞ்சிக்கொண்டிருந்தார். விஷயம் தெரிந்ததும் திட்டவில்லை. "நம்ம ஊர்ல காபி 'சாப்பிட்டாச்சா'ன்னுதானே கேப்போம். அப்ப அது சாப்பாடுதான்" என்றார். திட்டியிருந்தால் தேவலை.

பால் வயிற்றில் இறங்கினால் அது உணவுக் கணக்கு. எந்த மணிக்கு மேல் பால், எந்த மணிக்கு மேல் தண்ணீர், காலை மாத்திரையில் எது போடலாம், எது கூடாது, எல்லாவற்றையும் முதல் நாளே கேட்டுத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். சர்க்கரை மாத்திரை போடுகிறவர்கள் கட்டாயம் கேளுங்கள்.

எனக்கு 44 வயது. எடை 101 கிலோ, ஒன்பது வருஷமாகச் சர்க்கரை, மாடிப்படி ஏற விடாத முட்டி. டயட், நடை, கஞ்சி, கொள்ளு எல்லாம் பார்த்தாயிற்று. அந்தக் கதை உங்களுக்கும் தெரிந்ததுதான், விடுகிறேன்.

முதலில் போன இடம் வேறு. அங்கே டாக்டரைப் பார்ப்பதற்கு முன்பே கவுன்சிலர் என்று ஒருவர் உட்கார வைத்து வாட்ஸ்அப்பில் முன்-பின் படங்களாகக் காட்டினார். "ஸ்லீவ்தான் மேடம் எல்லாரும் பண்றாங்க. பேக்கேஜ் இருக்கு. இன்னைக்கு அட்வான்ஸ் போட்டா டேட் பிடிச்சிடலாம்." எல்லாரும் அதிகம் செய்வது ஸ்லீவ் என்பது பொய்யில்லை. வயிற்றின் முக்கால் பாகத்துக்கு மேல் வெட்டி எடுத்துவிட்டு, மிச்சத்தை வாழைப்பழம் மாதிரி ஒரு குழாயாக விடுவார்கள். பசியைக் கிளப்பும் ஹார்மோன் அதிகம் சுரக்கிற பகுதியும் சேர்ந்து போய்விடுவதால் பசியே குறையும். குடலைத் தொடுவதில்லை. கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் வெட்டி எடுத்தது எடுத்ததுதான், திரும்ப வைக்க முடியாது.

"எனக்கு நெஞ்செரிச்சல் ரொம்ப இருக்கே, ராத்திரி புளிச்ச தண்ணி தொண்டை வரைக்கும் வருது" என்றேன். "வெயிட் குறைஞ்சா அதெல்லாம் போயிடும் மேடம்." எண்டோஸ்கோபி என்ற வார்த்தையே அங்கே வரவில்லை. அட்வான்ஸ் பத்தாயிரம் எடுக்கப் பையைத் திறந்தேன். ஏடிஎம் கார்டு வீட்டில் இருந்தது. என் ஞாபக மறதிக்கு நான் நன்றி சொன்ன ஒரே நாள் அது.

திருச்சி டாக்டர் எடையைப் பற்றி இரண்டு கேள்விதான் கேட்டார். மீதி எல்லாம் அந்த நெஞ்செரிச்சல் பற்றி. எத்தனை தலையணை வைத்துப் படுக்கிறீர்கள்? மெடிக்கல் ஷாப்பில் அசிடிட்டி மாத்திரை எத்தனை வருஷமாக வாங்குகிறீர்கள்? ஆறு வருஷம் என்றதும் பேனாவைக் கீழே வைத்தார். "குழாய் விட்டுப் பாக்காம நான் எதுவும் சொல்ல மாட்டேன்மா." அப்படிக் கிளம்பியதுதான் அந்தக் காபிப் பயணம்.

இரண்டாவது தடவை எச்சில்கூட விழுங்காத மாதிரிப் போய் எடுத்தேன். உணவுக்குழாயின் அடியில் கிரேடு பி புண், வயிற்றின் மேல்பகுதி உதரவிதானத்தைத் தாண்டி மேலே ஏறியிருந்தது. ஹயாடஸ் ஹெர்னியா என்றார்கள். கூடவே எச்.பைலோரி கிருமி, அதற்கு 14 நாள் மருந்து. அசிடிட்டி மாத்திரையை இரண்டு வாரம் முன்பே நிறுத்திவிட்டு வரச் சொல்லியிருந்தார்கள், இல்லாவிட்டால் கிருமி இருந்தும் இல்லை என்று காட்டிவிடுமாம். அந்த இரண்டு வாரமும் பாதி ராத்திரி ஊஞ்சலில் உட்கார்ந்தே கழிந்தது.

ஸ்லீவ் எனக்கு ஏன் ஆகாது என்பது அப்போதுதான் புரிந்தது. அந்த ஒல்லிக் குழாயில் அழுத்தம் ஏறும், வயிற்றின் கீழ்வாசல் அப்படியே இருப்பதால் அமிலத்துக்கு மேலே வருவதுதான் சுலபம். ஏற்கெனவே புண் இருக்கிற எனக்கு அது இன்னும் மோசமாகும் வாய்ப்பு அதிகம். சில பேருக்கு எரிச்சல் தாங்காமல் ஸ்லீவையே பைபாஸாக மாற்ற வேண்டி வருகிறதாம். பத்தாயிரம் கட்டியிருந்தால் நானும் அந்த வரிசையில்தான்.

நாத்தனார் பையன் வயிற்றுக்குள் பலூன் வைக்கலாமே என்றான். அது ஆறு மாதம்போல இருக்கும், பிறகு எடுத்துவிட வேண்டும். என் சர்க்கரைக்கும் எடைக்கும் அது போதாது என்றார் டாக்டர். வயிற்றைச் சுற்றி வளையம் மாட்டுவது பற்றிக் கேட்டேன். "அத இப்ப பெரும்பாலும் யாரும் மாட்றதில்ல" என்று முடித்துவிட்டார்.

மிச்சம் இரண்டு: பைபாஸ், மினி பைபாஸ். இங்கேதான் மண்டை காய்ந்தது. டாக்டர் ரிப்போர்ட் கவரின் பின்பக்கம் படம் போட்டுக் காட்டியபோது எனக்கு ஒன்றும் ஏறவில்லை. வீட்டுக்காரர் கவரை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது மதகு வேலைங்க" என்றார். டாக்டர் சிரித்தார். அப்புறம் வீட்டுக்காரர் சொன்ன விளக்கம்தான் எனக்கு இன்றைக்கும் நிற்கிறது:

"பைபாஸ்னா, மேல வயித்துல சின்னதா ஒரு தொட்டி மட்டும் தடுத்துடறாங்க. அதுலேர்ந்து சோறு போறதுக்கு ஒரு வாய்க்கால். பித்தநீரும் கணைய நீரும் பழைய வாய்க்கால்லயே வந்து, கீழ ரொம்ப தூரம் தள்ளி இதோட சேருது. அதனால பித்தநீர் தொட்டிக்கு ஏறாது. மினின்னா ஒரே ஒரு இணைப்பு. வேலை சீக்கிரம் முடியும். ஆனா பித்தநீர் வாய்க்கால் தொட்டி வாசல் வழியாவே போகுது. மழை ஜாஸ்தியானா வடிகால் தண்ணி வயலுக்கு ஏறுமே, அந்தக் கதைதான்."

ஏறித்தான் ஆகும் என்றில்லை, நிறைய பேருக்கு மினி நன்றாகவே இருக்கிறது என்று டாக்டர் திருத்தினார். ஆனால் உணவுக்குழாயில் புண் இருக்கிற எனக்கு அந்த ஆபத்தை ஏன் எடுக்க வேண்டும்? இரண்டு இணைப்புள்ள பைபாஸ், கூடவே ஹெர்னியாவைத் தைப்பது என்று முடிவானது. தொட்டி என்று சொன்னது சுமார் 30 மில்லி. காபி டபராவில் கால்வாசிகூட வராது.

பைபாஸுக்கு விலையும் உண்டு, அதை டாக்டர் மறைக்கவில்லை. இரும்பு, கால்சியம், பி12, வைட்டமின் டி எல்லாம் ஆயுசுக்கும். முட்டி வலிக்கு நான் போட்டுக்கொண்டிருந்த டைக்ளோஃபினாக் வகை மாத்திரைகள் இனி கூடாது, இணைப்பில் புண் வரும். எனக்கு இதுதான் பெரிய தயக்கம். பாரசிட்டமாலை வைத்தே சமாளியுங்கள், எடை குறைந்தால் முட்டியின் பாரமும் குறையும் என்றார். இனிப்பு அதிகம் போனால் படபடப்பு, வியர்வை, தலைசுற்றல். "அப்ப தீபாவளிக்குத் திருவையாறு அசோகா?" என்று என் மாமியார் கேட்டார். என்னை விட அவருக்குத்தான் கவலை.

முடிவெடுத்தாயிற்று, இனி கஷ்டமில்லை என்று நினைத்தேன். இன்சூரன்ஸ் டெஸ்க்கை மறந்துவிட்டேன்.

அங்கே இருந்த தம்பி கம்ப்யூட்டரை விட்டு முகத்தைத் திருப்பாமலே சொன்னார்: "இன்சூரன்ஸ் கம்பெனிலேர்ந்து க்வெரி வந்திருக்கு. உங்க பிஎம்ஐ 39.5. 40 இல்ல." கிலோவில் எடையை, மீட்டரில் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வருவதுதான் பிஎம்ஐ. காப்பீட்டுக் கம்பெனிகளை ஒழுங்குபடுத்தும் ஐஆர்டிஏஐ விதிப்படி இந்த ஆபரேஷனுக்குக் காப்பீடு கிடைக்க பிஎம்ஐ 40 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். 35-க்கு மேல் என்றால் கட்டுக்குள் வராத டைப் 2 சர்க்கரை, கடுமையான தூக்க மூச்சுத்திணறல், இதய நோய் போல ஏதாவது கூட இருக்க வேண்டும். மருத்துவக் கணக்கு இதிலிருந்து தனி. 2022-இல் வந்த சர்வதேச வழிகாட்டுதலில் ஆசியர்களுக்கு 27.5 முதலே யோசிக்கலாம் என்று இருக்கிறது. டாக்டர் சரி என்றார் என்பதற்காகக் காப்பீடும் சரி என்று சொல்லிவிடாது.

"எனக்குச் சர்க்கரை இருக்கே, மூணு மாசச் சராசரி 8.6" என்றேன். "இருந்தா போதாது மேடம். மருந்து போட்டும் கட்டுப்படலைன்னு பழைய ரிப்போர்ட்டெல்லாம் வேணும்." பழைய ரிப்போர்ட்? போகிக்கு நானே கொளுத்தியிருந்தேன். "டாக்டர்ட்ட லெட்டர் வாங்கிட்டு வாங்க." டாக்டர் ஆபரேஷன் தியேட்டரில். எப்போது வருவார்? "அது எனக்குத் தெரியாது." தம்பி சாப்பிடப் போய்விட்டார்.

நாலு மணி நேரம் நாற்காலியில். சும்மா இருக்க முடியாமல் பைலைப் புரட்டினேன். எடை 101, சரி. உயரம் 160. நூற்று அறுபதா? கல்யாணத்துக்கு ஜாதகத்தோடு கொடுத்த குறிப்பிலிருந்து ஆதார் போட்டோ எடுத்த நாள் வரை நான் குட்டைதான். முதல் நாள் அளந்தபோது குதி உயர்ந்த செருப்போடு, தலையில் கொண்டையோடு நின்றது ஞாபகம் வந்தது. கொண்டைமேல் கட்டையை வைத்துத்தான் அந்தப் பெண் படித்தாள்.

போய்த் திரும்ப அளக்கச் சொன்னேன். "ஒரு தடவ அளந்தாச்சே" என்றார்கள். விடவில்லை. செருப்பைக் கழற்றி, கொண்டையை அவிழ்த்து, சுவரோடு குதிகாலை ஒட்டி நின்றேன். 156. போனில் வகுத்துப் பார்த்தால் 41.5. டாக்டர் வந்ததும் திருத்திக் கையெழுத்துப் போட்டார். மறுநாள் சாயங்காலம் முன் அனுமதி வந்துவிட்டது. அந்தத் தம்பி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை, ஆனால் எனக்கு அன்றைக்கு மாலை மரியாதை வாங்கின சந்தோஷம்.

குட்டையாக இருப்பவர்களே, உயரத்தை நீங்களே நின்று பார்த்து எழுத வையுங்கள். பழைய சர்க்கரை ரிப்போர்ட்டைப் போகியில் போடாதீர்கள். பாலிசியில் இந்த ஆபரேஷனுக்குக் காத்திருப்புக் காலம் எத்தனை வருஷம் என்று முதலிலேயே பாருங்கள். எங்களுக்கு நல்லவேளை நாலு வருஷம் தாண்டியிருந்தது.

ஆபரேஷனுக்கு முன்னால் கல்லீரல் சுருங்க இரண்டு வாரம் திரவ உணவு. சரியாக மாசி மகம். கும்பகோணம் போகிற சாக்கில் சொந்தக்காரர்கள் எல்லாம் எங்கள் வீட்டில். அவர்களுக்கு வத்தக்குழம்பும் அப்பளமும் போட்டுவிட்டு நான் புரோட்டீன் தண்ணீரைக் குடித்தேன். ஆபரேஷன் நன்றாக நடந்தது, மூன்றாம் நாள் வீடு.

ஒன்பது வாரம் ஆகிறது. 87 கிலோ. சர்க்கரை மாத்திரையில் ஒன்றை நிறுத்திவிட்டார்கள், நெஞ்செரிச்சல் இல்லை, ஒரே தலையணை. சாப்பாட்டோடு தண்ணீர் குடிக்கக் கூடாது என்பதுதான் இன்னும் பழகவில்லை. இரும்பு மாத்திரையும் கால்சியமும் ஒன்றாகப் போடக்கூடாது, இரண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். இரும்பைக் காபியோடும் போடக்கூடாது. காபி என்னை விடுவதாக இல்லை.

போன வாரம் அந்த முதல் இடத்திலிருந்து போன். "மேடம், அட்சய திருதியை ஆஃபர், ஸ்லீவ் பேக்கேஜ்ல இருபதாயிரம் குறைச்சிருக்கோம்."

"அந்தப் பேக்கேஜ்ல எண்டோஸ்கோபி இருக்காம்மா?"

"அது தனி மேடம். வேணும்னா எடுத்துக்கலாம்."