மார்பில் இருந்த சின்னம்

எங்கள் முதல் படத்துக்கான உடைகளைத் திருப்பூர் காதர்பேட்டையின் எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ் கடைகளில்தான் வாங்கினோம். நாயகன் பனியன் கம்பெனி டெய்லர். கழுத்து லேபிள் வெட்டப்பட்டு, மார்பில் வெளிநாட்டுச் சின்னம் மட்டும் மிஞ்சிய டி-ஷர்ட்டை எங்கள் ஊரில் பாதிப்பேர் அணிவதால், படப்பிடிப்பில் அது எவர் கண்ணையும் உறுத்தவில்லை.

ஓடிடி உரிமை பேசியபோதுதான், திரையில் தெரியும் ஒவ்வொரு சின்னத்துக்கும் அனுமதிக் கடிதம் உண்டா என்று வாங்குபவர்கள் கேட்டார்கள். எடிட்டரும் நானும் இரண்டு இரவுகள் உட்கார்ந்து, எந்த ஷாட், எத்தனை நொடி, யார் அணிந்திருக்கிறார் என்று பட்டியலிட்டோம். கோவையில் நாங்கள் பார்த்த வழக்கறிஞர் அதில் இன்னொரு பத்தி சேர்க்கச் சொன்னார்: அணிந்தவர் அப்போது என்ன செய்கிறார்?

1999ஆம் ஆண்டின் வணிகச் சின்னங்கள் சட்டத்தில் 29ஆம் பிரிவு, சின்னத்தைக் கண்டவர் பொருள் யாருடையது என்று குழம்புவதை மட்டுமன்றி, புகழ்பெற்ற சின்னத்தின் நற்பெயருக்குத் தக்க காரணமின்றிக் கேடு செய்வதையும் மீறலாகக் கருதுகிறது என்று அவர் விளக்கினார். 2023இல் 'ஜெயிலர்' படத்தில் கூலிக்கொலையாளி ஒருவன் ராயல் சேலஞ்சர்ஸ் பெங்களூர் அணியின் ஜெர்சியோடு ஒரு பெண்ணை இழிவாகப் பேசும் காட்சி டெல்லி உயர் நீதிமன்றம்வரை சென்றதையும், செப்டம்பர் 1 முதல் ஜெர்சியை மாற்றிக் காட்டத் தயாரிப்புத் தரப்பு ஒப்புக்கொண்டதையும் சொன்னார். நாயகன் அந்த டி-ஷர்ட்டோடு டீ குடிப்பதில் அவருக்குப் பெரிய கவலை இல்லை. மனைவியை அடிக்கும் குடிகார மாமன்தான் சிக்கல்.

அந்த ஷாட்டைப் பெரிதாக்கிப் பார்த்தபோது, சின்னத்தின் கீழிருந்த பெயரில் ஓர் எழுத்துக் குறைந்திருந்தது. போலிச் சரக்கு! அசல் பொருளை வாங்கித்தான் காட்டினோம் என்று சொல்லும் வாய்ப்பும் அங்கே போயிற்று.

முதலில் மங்கலாக்கினோம். மாமனின் மார்பில் ஏதோ ஆபாசம் எழுதியிருப்பதுபோல் தெரிந்தது. பார்ப்பவர் கண் நேராக அங்கேதான் போயிற்று. பிறகு துணியின் நிறத்தையே சின்னத்தின்மேல் பூசச் செய்தோம். கேமரா அசைய, துணி மடிய, ஒவ்வொரு ஃபிரேமாகத் திருத்த வேண்டியிருந்ததால், உடைகளுக்கு ஆன செலவைவிட அந்த வேலைக்கே கூடுதலாக ஆனது. சட்டம் அவ்வளவு கேட்காவிட்டாலும் ஒப்பந்தம் கேட்டது; எனவே நாயகனின் இரண்டு நெருக்கக் காட்சிகளையும் திருத்தினோம். இந்த இடத்தில் வாங்குபவரின் பயம்தான் உண்மையான சட்டம் என்பது என் எண்ணம்.

கதையை எங்களுக்கு உடை அளவு திருத்தித் தந்த டெய்லர் அக்காவிடம் சொன்னேன். மிஷினிலிருந்து தலை நிமிராமல் அவர் கேட்டார்: "அந்த இடத்துல ஒரு பாக்கெட் வெச்சுத் தெச்சிருந்தா முடிஞ்சு போயிருக்குமேங்க, தம்பி?"