காப்புக்கு ஆகாத பூளை

"அம்மா, கையை எடுங்க! இங்கே பறிக்கக் கூடாது!" மகள் போட்ட சத்தத்தில் முன்னால் போன வழிகாட்டியே திரும்பிப் பார்த்துவிட்டார்.

ஏப்ரல் மாதம், கலிஃபோர்னியாவில் டிக்சனுக்குப் பக்கத்து ஜெப்சன் புல்வெளி. வற்றிக்கொண்டிருந்த குட்டையைச் சுற்றி மஞ்சள் பூக்கள் வளையம் கட்டியிருந்தன. எல்லோரும் அதைப் படமெடுக்க, என் கண் மட்டும் சேற்று வெடிப்பை ஒட்டிக் கிடந்த வெள்ளைப் பஞ்சு உருண்டைகள் மேல் போயிற்று. பூளைப்பூ! கை தானாக நீண்டுவிட்டது.

பூளை இல்லையாம். ஊலி மார்பிள்ஸ். பஞ்சுக் கோலிக்குண்டு என்று வைத்துக்கொள்ளலாம். சூரியகாந்திக் குடும்பமாம், ஆனால் மஞ்சள் இதழ் ஒன்றுகூடக் கிடையாது. தாவரவியல் பெயரில் வரும் பிரெவிசிமஸ் என்றால் மிகக் குட்டை. குட்டையில் முளைக்கிற குட்டை என்றேன். மகள் சிரிக்கவில்லை.

அடியில் இறுகிய களிமண். அதனால் குளிர்கால மழைநீர் கீழே இறங்காமல் நிற்கிறது. வெயில் ஏறி வற்ற வற்ற இது பூத்து, விதையை மண்ணில் விட்டுக் காய்ந்துபோகிறது. அடுத்த மழை வரை தரையில் தடமே இருக்காது.

என் வயிற்றெரிச்சல் வேறு. இங்கே வந்து ஒன்பது பொங்கல் ஆயிற்று. பொங்கலுக்கு முதல் நாள் வேப்பிலை, ஆவாரம்பூ, பூளை மூன்றையும் சேர்த்து வீட்டில் கட்டுவோமே, அந்தக் காப்புக்கு வேப்பிலைக்குப் பதில் ரோஸ்மேரி கட்டினேன். சமையலுக்குக் காயவைக்கிறேன் என்று பக்கத்து வீட்டுக்காரர் நினைத்துக்கொண்டார். ஆவாரம்பூவுக்குக்கூட ஏதாவது மஞ்சள் பூ அகப்படும். பூளைக்குத்தான் போக்கில்லை. ஒரு வருடம் மருந்துக்கடைப் பஞ்சை நூலில் கோத்துத் தொங்கவிட்டேன். ராத்திரி மழையில் ஊறி, காலையில் செத்த எலி மாதிரி தொங்கியது. கடைசியில் பூளை மாதிரி ஒன்று கண்ணில் பட்டால், அது பூப்பது சித்திரையில்! தை பிறக்கும்போது இந்தக் குட்டையில் தண்ணீர்தான் நிற்கும்.

சரி, மற்றதெல்லாம் பழகிவிட்டது. காப்பு இல்லாமலும் பொங்கல் பொங்கத்தான் செய்கிறது. அப்பா அந்தியில் சைக்கிள் கேரியர் நிறையப் பூளை கொண்டுவருவார். தாவாரம், கட்டுத்தரை, கிணற்றடி என்று ஒவ்வொன்றாகச் செருகி முடிப்பதற்குள் இருட்டிவிடும். மிச்சக் கொத்து எனக்கு.

அன்றைக்கு எடுத்த படத்தை அவருக்கு அனுப்பினேன். கொஞ்ச நேரத்தில் போன் வந்தது.

"நம்ம இட்டேரிப் பூளையாட்டந்தான் இருக்குது கண்ணு. ஏன் இத்தனை குட்டையா நிக்குது? அங்க மழை பத்தலையா?"