அவ ஏன் கத்தலையாம்?

நேற்று மன்னார்குடிப் பக்கம் எங்கள் வயலில் நடவு. வரப்பில் கஞ்சி குடிக்கையில் ஏதோ ஒரு பாலியல் வன்கொடுமை வழக்கைப் பற்றிப் பேச்சு வந்தது, பெரியவர் ஒருவர் "அவ ஏன் கத்தலையாம்?" என்றார். எனக்குச் சுருக்கென்றது.

1978-இல் உச்ச நீதிமன்றமே இப்படித்தான், மகாராஷ்டிரத்துப் பழங்குடிப் பெண் ஒருத்தியின் பாலியல் வன்கொடுமை வழக்கில், அவள் உடம்பில் காயம் இல்லை என்பதைச் சொல்லி இரண்டு போலீஸ்காரர்களை விடுவித்தது, பெண்கள் தெருவில் இறங்கிப் போராடிய பிறகுதான் 1983-இல் சட்டம் மாறியது. அப்புறம் 2013-இல் இன்னும் தெளிவாகவே எழுதினார்கள்: சம்மதம் என்பது சொல்லாலோ சைகையாலோ ஐயத்துக்கு இடமில்லாமல், தானாக விரும்பித் தருவது, உடலால் எதிர்க்கவில்லை என்பதாலேயே சம்மதித்ததாக ஆகிவிடாது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதிய தண்டனைச் சட்டத்தின் 63-ஆம் பிரிவிலும் அதேதான். 18 வயதுக்குக் கீழ் என்றால் சம்மதம் என்ற பேச்சுக்கே இடமில்லை. ஆனால் கட்டிய மனைவி விஷயத்தில் மட்டும் சட்டம் இன்னும் கணவனுக்கு விலக்குக் கொடுத்து வைத்திருக்கிறது, எனக்கு அதுதான் மனசு ஆறவில்லை.

இதையெல்லாம் வரப்பிலேயே சொன்னேன். முழங்கால் வரை சேறோடு தூக்குவாளியைக் கழுவிக்கொண்டிருந்த அக்கா நிமிர்ந்து, "பயத்துல தொண்ட அடச்சுக்கும் தம்பி, சத்தமே வராது" என்றார். அதற்குமேல் பெரியவர் பேசவில்லை.