பாயைச் சுருட்டிய பெருமாள்

அம்மா எழுதி வைத்திருந்த சீட்டில் 11 கோயில்கள். காஞ்சிபுரத்துக்கு ஒரு நாள் போதாது என்று சொல்லிப் பார்த்தேன். "முடிஞ்சவரைக்கும் பார்ப்போம்டா" என்றாள்.

விடிந்ததும் கைலாசநாதர். ராஜசிம்ம பல்லவன் கட்டிய மணற்கல் கோயில். திருச்சுற்று நெடுக 58 குட்டிச் சந்நிதிகள். கருவறையைச் சுற்றியுள்ள குறுகிய வழியில் தவழ்ந்து நுழைந்து வெளியே வந்தால் மறுபிறவி கிடையாதாம். அம்மாவுக்கு முழங்கால் வலி. "எனக்கும் சேர்த்து நீயே போயிட்டு வந்துடு" என்றாள். என் தொப்பையோடு நான் பட்ட பாடு அந்த ஈசனுக்குத்தான் தெரியும்.

அப்புறம் காமாட்சி, 35 அடி உயரத்தில் உலகளந்த பெருமாள். இரண்டு இடத்திலும் நல்ல கூட்டம்.

சின்ன காஞ்சிபுரத்தில் வரதராஜரைப் பார்க்கப் போகும் வழியில்தான் திருவெஃகா. சீட்டில் ஒன்பதாவது. உள்ளே எங்களைத் தவிர ஒரே ஒரு பாட்டி. சொன்னவண்ணம் செய்த பெருமாள் என்று பெயர். பல்லவ மன்னன் தன்னைப் பாடச் சொன்னானாம். திருமழிசை ஆழ்வாரின் சீடர் கணிகண்ணன் மறுத்துவிட்டார். ஊரைவிட்டுப் போ என்றான் மன்னன். சீடரோடு ஆழ்வாரும் கிளம்பினார். சும்மா கிளம்பவில்லை, "பைந்நாகப் பாய் சுருட்டிக்கொள்" என்று பெருமாளிடமும் சொல்லிவிட்டார். அவரும் சுருட்டிக்கொண்டு பின்னாலேயே நடந்தார். ஊர் இருண்டது. மன்னன் ஓடிப்போய் மன்னிப்புக் கேட்டதும் மூவரும் திரும்பினார்கள். போய்வந்ததன் அடையாளமாக இங்கே பெருமாள் திசைமாறிப் படுத்திருக்கிறார். தலைமாடு, கால்மாடு இரண்டும் வழக்கத்துக்கு நேர்மாறு.

பட்டர் இதைச் சொல்லச் சொல்ல அம்மா நகரவே இல்லை. தெரிந்த கதைதான், ஆனாலும் முதல் தடவை கேட்பதுபோல் கேட்டாள். "சொன்னா கேக்கிற சாமி" என்று தனக்குள் முணுமுணுத்துக்கொண்டாள். என்ன வேண்டினாள் என்று நான் கேட்கவில்லை.

நாங்கள் போய்ச் சேர்வதற்குள் வரதர் கோயிலில் நடை சாத்திவிட்டார்கள். மாலையில் ஏகாம்பரநாதர். மண்ணாலான லிங்கம் என்பதால் நீர் அபிஷேகம் கிடையாது. சுந்தரருக்கு இடக்கண் பார்வை திரும்பியது இங்கேதான் என்று சொன்னதும் அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டாள்.

திரும்பும்போது ஒரு பேருந்தின் பலகையில் ஓரிக்கை என்றிருந்தது. ஊரைவிட்டுப் போன அன்று பெருமாள் ஓர் இரவு தங்கிய இடம். 'ஓர் இரவு இருக்கை' என்பதுதான் அப்படி மருவியதாம். அம்மாவிடம் சொன்னேன். சீட்டில் இன்னும் 6 கோயில் பாக்கி. அதை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு கேட்டாள், "அங்க நாம ஒரு ராத்திரி தங்க இடம் கிடைக்குமாடா?"