ஐந்துக்கும் குறைவு

அட்டவணையில் அந்தக் கட்டத்தில் 2 என்று இருந்தது. அதை எடுத்துவிட்டு ஒரு நட்சத்திரக் குறி போட்டேன். அடியில் பொடி எழுத்தில் 'ஐந்துக்கும் குறைவு, எண்ணிக்கை தரப்படவில்லை' என்று ஒரு வரி. கணக்கெடுப்பு வேலையில் இருப்பவர்களுக்கு இது தினசரி சமாச்சாரம், இதைப் பற்றி யாரும் உட்கார்ந்து எழுத மாட்டார்கள். கூட்டம் முடிந்து அந்த அம்மா வந்து கேட்காமல் இருந்திருந்தால் நானும் எழுதியிருக்க மாட்டேன்.

ஊர்ப்பெயர் வேண்டாம். 15 வார்டு உள்ள பேரூராட்சி, அவ்வளவு போதும். வீடு வீடாகப் போய்ப் போதைப் பழக்கம் பற்றிக் கேட்டு, வார்டு வாரியாகத் தொகுத்துக் கொடுக்க வேண்டும் என்பது எங்களுக்கு வந்த வேலை. வலி நிவாரணி மாத்திரையை ஊசியில் ஏற்றிக்கொள்பவர்கள் என்ற தலைப்பின் கீழ், ஒரு வார்டுக்கு நேரே அந்த 2 இருந்தது.

அதை ஏன் மறைத்தேன் என்பதற்குக் காரணம் உண்டு. ஒரு வார்டு என்பது நாலைந்து தெரு. அங்கே 2 பேர் என்று பேப்பரில் வந்தால், சாயங்காலத்துக்குள் டீக்கடையில் அந்த 2 பேருக்கும் பெயர் வைத்துவிடுவார்கள். தப்பான பெயரையும் வைப்பார்கள். அதிலும் 2 என்பது 1-ஐ விட வம்பான எண். ஒருவனை ஏற்கெனவே தெரிந்தவருக்கு மற்றவன் யார் என்று ஊகிக்க எவ்வளவு நேரமாகும்? அவனோடு சுற்றுகிறவன்தானே. அமெரிக்க அரசின் நோய்க்கட்டுப்பாட்டு மையம் இணையத்தில் தரும் இறப்புக் கணக்கில்கூட, 10-க்குக் குறைவான எண்களை மறைத்துவிடுகிறார்கள். எங்களுக்கு 5 என்று வரம்பு. இன்னொன்றும் உண்டு. இந்த வருடம் 2, அடுத்த வருடம் 4 என்று வந்தால் 'போதை ஊசி இரு மடங்கு அதிகரிப்பு' என்று செய்தி போடலாம். கணக்குப்படி அது சரியாகவும் இருக்கும்.

ஒரு கட்டத்தை மட்டும் மறைத்தால் பிரயோஜனம் இல்லை. கடைசி வரியில் மொத்தம் இருக்கிறதே, மற்ற வார்டுகளைக் கூட்டிக் கழித்தால் மறைத்தது வெளியே வந்துவிடும். அதனால் சம்பந்தமே இல்லாத இன்னொரு வார்டுக்கும் நட்சத்திரம் போட வேண்டியிருந்தது. கூட்டத்தில் அந்த வார்டு கவுன்சிலர் எழுந்து, "எங்களுக்கு எதுக்கு சார் ஸ்டாரு?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான்.

மதுப் பகுதியில் மறைக்க ஒன்றும் இல்லை. எல்லாக் கட்டமும் நிரம்பி வழிந்தது. தேசிய குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்றில் தமிழ்நாட்டு ஆண்களில் 25 சதவீதம் பேர் குடிப்பதாகச் சொன்னார்கள். எங்கள் ஊரும் அதற்குச் சளைத்ததில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் பத்துக் கேள்விப் படிவத்தில், ஒரே தடவையில் 6 அளவோ அதற்கு மேலோ குடிப்பது எத்தனை நாளுக்கு ஒருமுறை என்று ஒரு கேள்வி வரும். ஓர் அளவு என்றால் 10 கிராம் சுத்த ஆல்கஹால். நம் ஊரில் யார் அளவில் குடிக்கிறார்கள்? ஒரு குவார்ட்டர் என்பது 180 மில்லி, பாட்டிலில் 42.8 சதவீதம் என்று போட்டிருக்கும். கணக்குப் போட்டால் ஏறக்குறைய 60 கிராம், அதாவது 6 அளவு. "நான் லிமிட்டு சார், ஒரே ஒரு குவார்ட்டர்தான்" என்று சொல்கிற மனிதர் தினமும் அந்த எல்லையைத் தொட்டுவிட்டுத்தான் வீட்டுக்குப் போகிறார். அந்த ஊரில் அதிக வீடுகளைக் கெடுத்தது மதுதான் என்பது என் எண்ணம். கூட்டத்தில் அந்தப் பக்கத்தை ஒரு நிமிடத்தில் தாண்டிவிட்டார்கள்.

நான் புரொஜெக்டர் வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது அந்த அம்மா வந்தார். என்ன தொழில் என்று எழுதினால் ஊரில் தெரிந்துவிடும், விட்டுவிடுகிறேன். கூட்டத்தில் கொடுத்த ஜெராக்ஸை நாலாக மடித்து வைத்திருந்தார். பிரித்து, தன் வார்டு வரிசையில் நகத்தை வைத்து இடமிருந்து வலமாக இழுத்துக்கொண்டே போய் நட்சத்திரத்தில் நிறுத்தினார்.

"இது என்ன தம்பி?"

"அஞ்சு பேருக்குக் கீழ இருந்தா எண் போடுறதில்லம்மா. யாருன்னு வெளிய தெரிஞ்சிடக் கூடாதுல்ல."

"யாருக்குத் தெரியாது?" என்றார். கோபமாக இல்லை. கொஞ்ச நேரம் பேப்பரையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம்தான் கேட்டார். "என் பிள்ளை மட்டும்தானா? இல்ல, இன்னும் யாராவது இருக்காங்களா?"

"அதைச் சொல்லக் கூடாதும்மா."

"சரி" என்று மடித்து எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

வேறு என்ன சொல்லியிருக்க முடியும்? 'ஆமாம், உங்கள் பையன் மட்டும்தான்' என்றால் பொய். 'இல்லை, இன்னும் இருக்கிறார்கள்' என்றால் மறைத்த எண்ணை நானே வாயால் சொன்ன மாதிரி. அந்த இன்னொருவன் எங்கள் களப்பணியாளரிடம் வீட்டில் வைத்துச் சொல்லவில்லை. மைதானத்தில், வண்டியை விட்டு இறங்காமலே சொல்லியிருக்கிறான். அக்காவுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்த நேரம் அது. அவனுக்குக் கொடுத்த வாக்கை நான் காப்பாற்ற வேண்டும். இதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகம் இல்லை.

சந்தேகம் அந்த அம்மா விஷயத்தில்தான். நாங்கள் கேட்காமலே வாய் திறந்தவர் அவர். கணக்கெடுக்கப் போன பெண்ணை உட்கார வைத்து, "எழுதிக்கோம்மா, என் மகன் ஊசி போடுறான்" என்றார். ராத்திரி கிடைக்கவில்லை என்றால் மூக்கு ஒழுகுவது, உடம்பு நடுங்குவது, கால் எலும்பு நோவுது என்று சுவரில் காலை முட்டிக்கொள்வது, விடியும்வரை தூங்காமல் நடப்பது எல்லாம் சொல்லியிருக்கிறார். அதைப் பார்க்கச் சகிக்காமல் சில நாள் காசு கொடுத்தது தான்தான் என்றும் சொல்லியிருக்கிறார். கிறக்கத்துக்காகப் போடும் கட்டம் தாண்டி, வேதனை நிற்பதற்காகப் போடும் கட்டத்தில் அவன் இருக்கிறான் என்று இதைக் கேட்ட மாத்திரத்தில் எந்த மனநல மருத்துவரும் சொல்லிவிடுவார். எங்கள் படிவத்தில் இதற்கெல்லாம் இருந்த இடம் 'ஆம்/இல்லை' மட்டும். களப்பணியாளர் 'ஆம்' அழுத்தினார். அந்த ஒரு 'ஆம்'-ஐயும் நான் நட்சத்திரமாக்கினேன். அவர் பார்வையில், சொன்னதை அழித்துவிட்டார்கள் என்றுதானே படும்?

அவர் கேட்டது எண்ணிக்கையே இல்லை என்று சில சமயம் தோன்றுகிறது. தன் பிள்ளை மட்டும்தான் என்றால், வளர்ப்பு சரியில்லை என்று சொந்தக்காரர்கள் சொல்வது உண்மையாகிவிடும். இன்னும் நாலு பேர் இருந்தால், அது ஊருக்கு வந்த வியாதி. மாத்திரை விற்கிறவனைக் கேட்கலாம். 2019-இல் மத்திய சமூகநீதி அமைச்சகமும் எய்ம்ஸும் வெளியிட்ட அறிக்கை, நாட்டில் ஊசி வழியாகப் போதை ஏற்றுபவர்கள் சுமார் 8.5 லட்சம் பேர் என்று மதிப்பிட்டது. அதைச் சொல்லியிருக்கலாமே என்று பஸ்ஸில் வரும்போது தோன்றியது. அதில் எந்த ரகசியமும் இல்லை. ஆனால் அவர் நாட்டைப் பற்றிக் கேட்கவில்லை, தன் தெருவைப் பற்றித்தான் கேட்டார். லட்சக் கணக்கைச் சொல்லியிருந்தால் இன்னொரு 'சரி' வாங்கிக்கொண்டு வந்திருப்பேன்.

இதையெல்லாம் விட உறுத்துவது, அந்த 2 உண்மையான எண்ணே கிடையாது என்பது. எங்களிடம் சொன்னவர்கள்தான் 2. அந்த 2019 அறிக்கைக்கான ஆய்வில் 2 லட்சம் வீடுகளுக்கு மேல் போனார்கள். இருந்தாலும் சட்டத்துக்குப் புறம்பான போதைக்கு வீட்டுக் கணக்கு போதாது என்று தெரிந்து, பயன்படுத்துபவர்களையே பிடித்து, அவர்கள் மூலம் அவர்களுடைய கூட்டாளிகளைப் பிடித்து, 70,000-க்கும் மேற்பட்டவர்களிடம் தனியாகப் பேசினார்கள். எங்களுக்கு அதற்கு வசதி இல்லை. போதைப்பொருள் உட்கொள்வதே குற்றம் என்று 1985-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 27-ஆம் பிரிவு சொல்கிறது. தானாகச் சிகிச்சைக்கு வருபவருக்கு 64ஏ பிரிவு பாதுகாப்பு தருகிறது. எந்த மாத்திரை எந்தச் சட்டத்தில் வருகிறது என்று பையன்கள் பார்த்துக்கொண்டிருக்க மாட்டார்கள், போலீஸ் என்றாலே வாய் மூடிவிடும். ஆக, பாதிகூடத் தெரியாத ஒரு எண்ணைத்தான் அவ்வளவு பத்திரமாகப் பூட்டி வைத்தேன்.

கூட்டத்துக்கு வந்தவர்கள் நட்சத்திரத்தை 'ஒன்றும் இல்லை' என்று படித்துக்கொண்டார்கள். சிகிச்சை முகாமை எங்கே போடுவது என்ற பேச்சு வந்தபோது ஊரின் மறுகோடியைச் சொன்னார்கள். அங்கே குடிப்பவர்களின் எண்ணிக்கை அதிகம், அட்டவணை அப்படித்தான் சொன்னது. நான் சும்மா இருந்திருக்க வேண்டும். இருக்கவில்லை. முகாம் பொறுப்பாளரைத் தனியாகக் கூப்பிட்டு, "இந்தப் பக்கம் போட்டா நல்லது" என்று மட்டும் சொன்னேன். எண் சொல்லவில்லை, காரணமும் சொல்லவில்லை. அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். பேப்பரில் மறைத்ததை ஒரு சாடையில் சொல்லிவிட்டேன் என்று யாராவது சொன்னால் மறுப்பது கஷ்டம். வார்டைத்தான் காட்டினேன், ஆளைக் காட்டவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

முகாம் நான் காட்டிய வார்டிலேயே நடந்தது. தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே பந்தல். பிரஷர், சுகர் பார்க்க நல்ல கூட்டம். மற்றதற்கு யாரும் வரவில்லை. தெருமுனையில் பத்துப் பேர் பார்க்க 'போதை மறுவாழ்வு' என்று பேனர் கட்டிய மேசைக்கு எவன் வருவான்? அந்த அம்மா தூரத்தில் நின்று பார்த்துவிட்டுப் போனதாகச் செவிலியர் அக்கா சொன்னார்.

இப்போது அடுத்த சுற்றுக்கான படிவம் வந்திருக்கிறது. வார்டு எண் இதிலும் கட்டாயம். மூன்று மூன்று வார்டாகச் சேர்த்துக் கொடுத்தால் நட்சத்திரமே தேவைப்படாது, எண்ணும் நிற்கும் என்று நான் சொல்கிறேன். செவிலியர் அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. "சேர்த்துட்டா எந்தத் தெருவுக்கு மருந்து கொண்டுபோறதுன்னு நான் யாரைக் கேக்குறது சார்? உங்களையா?" என்கிறார். மேலதிகாரிக்கு இரண்டு மாதிரியும் அனுப்பியிருக்கிறேன். சேர்த்ததுதான் என் பரிந்துரை என்று கடிதத்தில் எழுதியிருக்கிறேன்.