வெஸ்ட்ரேயிலிருந்து லுக்லாவுக்கு ஒன்பதே முக்கால் மணி நேரம்

இரண்டு விமான நிலையங்களின் பெயரைக் கொடுத்தால் தூரமும் பறக்கும் நேரமும் சொல்லும் தளங்கள் இருக்கின்றனவே, எனக்கு அவற்றைக் கிண்டிக்கொண்டிருப்பதில் ஒரு பைத்தியம். போகப்போவதில்லை என்று தெரிந்தும் உலகத்தின் ஏதோ மூலையில் கிடக்கிற சின்ன ஓடுபாதைகளாகத் தேடித் தட்டிப் பார்ப்பேன். தூரம் பெரும்பாலும் சரியாக வரும். நேரம்தான் கதை விடும்.

பூமியை 6,371 கி.மீ. ஆரமுள்ள உருண்டையாக வைத்துக்கொண்டு, அதன் வளைவின் மேல் மிகக் குறுகிய வழியைக் கணக்கிடுகிறார்கள். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அப்புறம் அதை மணிக்கு 800 கி.மீ. மாதிரி ஒரு வேகத்தால் வகுத்து, ஏற இறங்க அரை மணி சேர்த்துவிடுகிறார்கள். பெரிய ஜெட்டுக்குச் சரி.

நேபாளத்தில் மந்தலியிலிருந்து லுக்லாவை எடுத்துக்கொள்வோம். நேராகப் போனால் 75 கி.மீ. பக்கம். இந்தக் கணக்கில் 36 நிமிடம் வரும், அதில் பறப்பது ஆறு நிமிடம்கூட இல்லை! லுக்லாவின் ஓடுபாதை வெறும் 527 மீட்டர், அதுவும் மலையை நோக்கி மேட்டில் ஏறிப் போகிறது, அங்கே எந்த ஜெட் இறங்கும்? போவது ட்வின் ஆட்டர் மாதிரியான சின்ன விமானம். அதற்கு மணிக்கு 270 கி.மீ. என்று வைத்தால் 17 நிமிடம் வருகிறது, நிஜத்திலும் கால் மணியிலிருந்து இருபது நிமிடம்தான் ஆகிறது. இங்கே கூட்டிச் சொன்ன அதே கணக்கு, 600 கி.மீ. தூரத்துக்கு ஒன்றேகால் மணி என்று குறைத்துச் சொல்லும். ட்வின் ஆட்டருக்கோ இரண்டேகால் மணி ஆகும்.

காற்று வேறு. போகும்போது தள்ளிவிட்டால் வரும்போது தடுக்கும், மொத்தத்தில் சரியாகிவிடும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். 300 கி.மீ. வேகத்தில் 600 கி.மீ. போய்த் திரும்ப, காற்றில்லாமல் நான்கு மணி நேரம். 60 கி.மீ. காற்றடித்தால் போக 1 மணி 40 நிமிடம், வர இரண்டரை மணி. கூட்டினால் பத்து நிமிடம் நஷ்டம். எதிர்காற்றில் அதிக நேரம் மாட்டிக்கொள்கிறோம் என்பதுதான் விஷயம். மெதுவாகப் பறக்கும் விமானத்துக்கு இந்த அடி இன்னும் பலமாக விழும்.

ஸ்காட்லாந்தின் ஆர்க்னி தீவுகளில் வெஸ்ட்ரே, பாப்பா வெஸ்ட்ரே என்று இரண்டு உண்டு. இடையில் 2.7 கி.மீ., லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தின் ஓடுபாதையைவிடக் குறைவு. அட்டவணையில் இரண்டு நிமிடம் போட்டிருப்பார்கள், காற்று சாதகமாக இருந்தபோது 53 நொடியில் போய் இறங்கியிருக்கிறார்கள். இதற்கும் நம் தளக் கணக்கு அரை மணிதான் சொல்லும்.

சரி, விளையாட்டுக்கு வெஸ்ட்ரேயிலிருந்து லுக்லாவுக்குப் போட்டுப் பார்த்தேன். சுமார் 7,370 கி.மீ., ஒன்பதே முக்கால் மணி நேரம். நிஜத்தில் போவதானால், முதலில் குட்டி விமானத்தில் ஆர்க்னியின் பெரிய ஊரான கிர்க்வால், அங்கிருந்து ஸ்காட்லாந்தின் பெரிய ஊர் ஒன்று, அப்புறம் லண்டன், வளைகுடாவில் எங்காவது மாறி காத்மாண்டு. மலையேறுகிறவர்கள் குவியும் மாதங்களில் லுக்லா விமானங்கள் பெரும்பாலும் காத்மாண்டிலிருந்து கிளம்பாது என்பதால், நடுராத்திரியில் ஜீப் பிடித்து நான்கைந்து மணி நேரம் மந்தலிக்கு. விடிந்ததும் அந்தப் பதினேழு நிமிடம், லுக்லாவில் மேகம் இறங்காமல் இருந்தால்.